வேடம் கட்டிய விமானங்கள்

போர்க்காலத்தில் எதிரியின் விமானம் நம் பக்கம் பறப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. வழிதவறியோ அடிபட்டோ இறங்கிய விமானத்தைப் பிடித்து, பழுது பார்த்து, அதன் சின்னத்தை அழித்துச் சொந்தச் சின்னத்தை எழுதிப் பறக்கவிடுவது ஒன்று. சொந்த விமானத்துக்கே எதிரியின் வண்ணம் பூசி, கேமராவுக்கு முன்னால் எதிரியாக ஆடவிடுவது மற்றொன்று. முதலாவது ராணுவத்தின் வேலை. இரண்டாவது சினிமாவின் வேலை. கோடம்பாக்கத்துச் சொல்லில் அதற்குப் பெயர் ‘டூப்’. இரண்டும் கண்ணை நம்பித்தான் நடக்கின்றன. முன்னதில் கண் ஏமாந்தால் உயிர் போகும். பின்னதில் கண் ஏமாறாவிட்டால் படம் படுத்துவிடும்.

இந்த விஷயத்தை மனத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றத் தென்காசி பொருத்தமான இடம். அங்கே விமான நிலையம் இல்லை, விமானப்படைத் தளமும் இல்லை. ஆனால் ஊரின் பெயரே ஒரு பதிலி. வடக்கே காசிக்கு நடந்து போய்ச் சேர முடியாத தென்னாட்டுக்காரர்களுக்காகப் பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் எழுப்பியது காசி விசுவநாதர் கோயில். ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்ததும் கண்ணில் படும் ஏறத்தாழ 180 அடி உயர ராஜகோபுரமும் பழைய கோபுரம் அல்ல. பழையது தீயில் சிதைந்து, மொட்டைக் கோபுரமாக நெடுங்காலம் நின்றது. இப்போதைய ஒன்பது நிலைக் கோபுரம் 1990-இல்தான் முடிந்தது. கோபுர வாசலில் முகத்தில் அறையும் பொதிகைக் காற்று மட்டும் பாண்டியன் காலத்துச் சரக்கு.

தென்காசிக்கு வடகிழக்கே பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்கிறது சுந்தரபாண்டியபுரம். மணிரத்னம் 1992-இல் வெளியிட்ட ‘ரோஜா’ படத்தின் நாயகியின் ஊராகத் தமிழ்நாடு முழுவதும் பார்த்த கிராமம் இதுதான். குளம், வயல், பின்னால் மலை என்று எதையும் மாற்றாமல் படம் பிடித்தார்கள். ஆனால் அந்தப் படத்தின் மறுபாதி நடக்கிற காஷ்மீர், காஷ்மீர் அல்ல. அப்போது அங்கே நிலவரம் சரியில்லாததால் குன்னூர், ஊட்டி, மணாலி ஆகிய ஊர்கள் காஷ்மீருக்கு வேடம் கட்டின. பார்த்தவர்களில் எத்தனை பேர் அதைக் கண்டுபிடித்தார்கள்? பனி, தேவதாரு மரம், கம்பளிச் சட்டை இருந்தால் போதும். மீதியைப் பார்க்கிறவனே இட்டு நிரப்பிக்கொள்கிறான். டூப்பின் இலக்கணமே இவ்வளவுதான்.

அதே ஊருக்கு அருகில் ‘அந்நியன் பாறை’ என்று ஒன்று உண்டு. ஷங்கரின் ‘அந்நியன்’ (2005) பாடல் காட்சிக்காகப் பெரிய பாறைகளில் நடிகர்களின் முகங்களை வரைந்தார்கள். படம் முடிந்து பல வருடங்கள் ஆகியும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஜூலை, ஆகஸ்டில் சூரியகாந்தி பூக்கும்போது கேரளத்திலிருந்து கார் காராக வந்து இறங்குகிறவர்கள் பாறைக்கும் ஒரு நடை போய்விட்டுத்தான் திரும்புகிறார்கள். பெயின்ட் அடித்தால் கல்லுக்கே வேறு பெயர் வந்துவிடுகிறது. விமானத்துக்கு வராதா?

அடுத்து குற்றாலம், தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். சாரல் காலத்தில் பேரருவியிலும் ஐந்தருவியிலும் வரிசை நீண்டு கிடக்கும். குளித்து, ஈரத்தலையோடு நடக்கும் கூட்டத்தில் பாதிப்பேர் சித்திர சபையைத் தவறவிடுகிறார்கள் என்பது வருத்தத்துக்குரிய விஷயம். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரம் பொன், மதுரை வெள்ளி, திருநெல்வேலி தாமிரம், திருவாலங்காடு ரத்தினம், குற்றாலம் சித்திரம். மற்ற நான்கிலும் ஆடுகிறவர் சிலை வடிவில் இருக்க, இங்கே சுவரில் தீட்டிய ஓவியமாக இருக்கிறார். கோட்டையும் வண்ணத்தையும் கொண்டே ஆள் யாரென்று அறிகிற பழக்கம் இந்த ஊருக்குப் புதிதல்ல.

இரண்டாம் உலகப் போரில் கோட்டையும் வண்ணத்தையும் பார்த்து ஆள் அறிவது ஒரு தனிப் பாடமாகவே ஆயிற்று. தலைக்கு மேலே பத்தாயிரம் அடியில் போகும் விமானம் நம்முடையதா, எதிரியுடையதா என்று சில நொடிகளில் தரையிலிருப்பவர் சொல்லியாக வேண்டும். தெரிவது நிழலுருவம் மட்டும். அதற்காகக் கறுப்பு நிழல்படங்கள் அச்சிட்ட அட்டைகளும் மர மாதிரிகளும் வந்தன. 1942 தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை பள்ளிப் பிள்ளைகளிடம் ஐந்து லட்சம் மாதிரி விமானங்கள் செய்து தரச் சொன்னது. எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு அளவு. அந்த அளவு மாதிரியை முப்பத்தைந்து அடி தூரத்தில் பிடித்தால், அசல் விமானம் அரை மைல் தூரத்தில் தெரிகிற அளவுக்குத் தெரியும் என்பது கணக்கு. இன்றும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் விமானப் பெட்டிகளில் பலவற்றின் மேல் 1/72 என்று போட்டிருக்கும்.

வண்ணத்தின் கதை நம் பக்கமே நடந்தது. பிரிட்டிஷ் விமானங்களின் வட்டச் சின்னத்தில் நடுவே சிவப்புப் பொட்டு இருக்கும். ஜப்பானின் சின்னமோ முழுச் சிவப்பு வட்டம். பர்மா எல்லையில் மேகத்துக்கு நடுவே ஒரு கணம் தெரியும் சிவப்பு யாருடையது என்று யார் நின்று பார்ப்பார்கள்? அதனால் இந்தியா, இலங்கை, பர்மா வானத்தில் பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் சின்னத்திலிருந்து சிவப்பையே எடுத்துவிட்டு, கருநீலமும் வெளிர்நீலமும் ஆக்கினார்கள். பின்னாளில் சில வகை விமானங்களுக்கு மூக்கிலும் இறக்கையிலும் வெள்ளைப் பட்டையும் போட்டார்கள். 1944-இல் இம்பால் போரில் அர்ஜன் சிங் தலைமையில் பறந்த இந்திய விமானப்படையின் முதலாம் ஸ்குவாட்ரன் ஹரிக்கேன்களிலும் இந்தச் சிவப்பில்லாச் சின்னம்தான். எதிரியைப் போல இருந்துவிடக் கூடாது என்பதற்காகத் தன் முகத்தையே மாற்றிக்கொண்ட படை அது.

குற்றாலத்திலிருந்து திரும்பி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலிக்கு வந்து, மதுரை நெடுஞ்சாலையில் வடக்கே போனால் கயத்தாறு. பச்சை குறைந்து மண் நிறம் மாறுவது கண்ணுக்கே தெரியும். 1799 அக்டோபரில் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட ஊர். அங்கே நிற்கும் சிலை, சிவாஜி கணேசன் தாமே இடம் வாங்கி வைத்தது. 1959-இல் அவர் கட்டபொம்மனாக நடித்த படம் வந்த பிறகு, தமிழர் மனத்தில் கட்டபொம்மனுக்கு சிவாஜியின் முகம்தான். அசல் முகம் எப்படி இருந்தது என்று இப்போது யாரும் கேட்பதில்லை. வேடம் ரொம்ப நன்றாக அமைந்துவிட்டால் அசலுக்கு இடமில்லாமல் போய்விடுகிறது. விமானங்களுக்கும் அதுவே நடந்தது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

கயத்தாற்றுக்குப் பக்கத்தில் இரண்டாம் உலகப் போர்க்காலத்து ஓடுதளம் ஒன்று கைவிடப்பட்டுக் கிடக்கிறது. சூலூர், செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம், அரக்கோணம் என்று தமிழகத்தில் அந்நாளில் போட்ட ஓடுதளங்களின் வரிசையில் அதுவும் ஒன்று. இப்போது அந்தப் பக்கத்தில் சுழல்பவை காற்றாலைகளின் மூன்று இறக்கைகள் மட்டுமே. ஆரல்வாய்மொழியைப் போலவே இதுவும் காற்று ஊர். காற்றாலைகளைச் சோதிக்கும் மத்திய அரசு நிலையமும் இங்கே உண்டு.

இத்தனை ஓடுதளங்கள் ஏன் வேண்டியிருந்தன என்பதற்கு 1942 ஏப்ரலைப் பார்க்க வேண்டும். ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு, ஜப்பானின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து கிளம்பிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. மறுநாள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலை. அதே நாளில் மட்டக்களப்புக்கு அப்பால் பிரிட்டிஷ் விமானந்தாங்கி ‘ஹெர்மிஸ்’ மூழ்கியது. சென்னை காலியாயிற்று, மூட்டை முடிச்சுகளோடு ஜனங்கள் உள்நாட்டுக்கு ரயில் ஏறினார்கள். அந்தப் பீதிக்குக் கப்பல் எவ்வளவு காரணமோ, ‘ஜீரோ’ என்ற சண்டை விமானமும் அவ்வளவு காரணம். அதை யாராலும் வளைத்துப் பிடிக்க முடியவில்லை. அது எப்படி அப்படித் திரும்புகிறது, எவ்வளவு தூரம் எரிபொருளோடு வருகிறது, எங்கே அதற்கு வலிக்கும் என்பதெல்லாம் எதிரணிக்குப் புதிர்.

புதிர் அவிழ்ந்தது அலாஸ்காவில். 1942 ஜூன் 4 அன்று, ‘ரியூஜோ’ கப்பலிலிருந்து கிளம்பிய பத்தொன்பது வயது கோகா ததயோஷியின் ஜீரோ டச்சு ஹார்பர் தாக்குதலில் அடிபட்டது. அவர் அக்குட்டான் தீவில் புல்வெளி என்று நினைத்து இறங்கிய இடம் சதுப்பு. சக்கரம் புதைந்து விமானம் குப்புறக் கவிழ்ந்தது; கோகாவின் கழுத்து முறிந்தது. விமானமோ ஏறக்குறைய முழுசாக இருந்தது. ஜூலை 10-இல் ஓர் அமெரிக்கக் கடற்படை விமானத்தின் கண்ணில் பட்டு, கப்பலேறி சான் டியேகோவுக்குப் போய், பழுது பார்த்து, செப்டம்பர் 20 அன்று எடி சாண்டர்ஸ் என்ற அதிகாரி அதை ஓட்டிப் பார்த்தார். அக்டோபர் நடுப்பகுதிக்குள் இருபத்துநான்கு தடவை பறந்து அதன் குணத்தை அறிந்துகொண்டார்.

குறைகள் முதல் நாளே தெரிந்தன. இருநூறு நாட் வேகத்தைத் தாண்டினால் இறக்கையின் பின்விளிம்பில் இருக்கும் சாய்ப்பு மடல்கள் இறுகிப்போய், விமானத்தைப் பக்கவாட்டில் உருட்டப் பெரும் பலம் வேண்டியிருந்தது. இடப்பக்கம் உருளுவதைவிட வலப்பக்கம் உருளுவது இன்னும் கடினம். மூக்கைச் சட்டென்று கீழே அழுத்தினால் மிதவைக் கார்புரேட்டரில் பெட்ரோல் தடைப்பட்டு எஞ்சின் இருமும். ஆக, ஜீரோ பின்னால் ஒட்டிக்கொண்டால் செங்குத்தாகக் கீழே பாய்ந்து, வேகம் ஏறியதும் வலப்பக்கம் திரும்பு என்ற எளிய உபதேசம் பசிபிக் முழுக்கப் போனது. ஹெல்கேட் என்ற அமெரிக்கச் சண்டை விமானத்தையே இந்த ஜீரோவைப் பார்த்துத்தான் வடிவமைத்தார்கள் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அது தவறு. ஹெல்கேட்டின் முதல் மாதிரி ஜூன் 26-இலேயே பறந்துவிட்டது. கோகாவின் விமானம் அப்போது சதுப்பில்தான் கிடந்தது. பிடிபட்ட விமானம் புது விமானத்தைப் பெறவில்லை. பழைய விமானங்களை ஓட்டியவர்களுக்குத் தைரியம் தந்தது. அந்த ஜீரோவின் முடிவும் போரில் நேரவில்லை. 1945 பிப்ரவரியில், சான் டியேகோவில் தரையில் ஊர்ந்துகொண்டிருந்தபோது பின்னால் வந்த அமெரிக்க விமானம் ஒன்று அதன் மேல் ஏறி நொறுக்கிவிட்டது.

அதே 1942 ஜூனில் ஐரோப்பாவில் இன்னொரு பரிசு தானாக வந்து இறங்கியது. ஜூன் 23 அன்று ஆர்மின் ஃபாபர் என்ற ஜெர்மன் விமானி, சண்டையில் திசை தப்பி, பிரிஸ்டல் கால்வாயை ஆங்கிலக் கால்வாய் என்று எண்ணி, பிரான்ஸ் வந்துவிட்டதாக நினைத்து வேல்ஸில் பெம்ப்ரி தளத்தில் தம் ஃபோக்க வுல்ஃப் 190-ஐ இறக்கினார். இறங்குமுன் வெற்றிக் குட்டிக்கரணமும் போட்டுக்காட்டினார். கையில் சிக்னல் துப்பாக்கி மட்டுமே இருந்த ஒருவர் இறக்கையில் தாவி ஏறி அவரைப் பிடித்தார். ஸ்பிட்ஃபயர்களை மிரட்டிக்கொண்டிருந்த அந்த வகையில் ஒரு முழு விமானம் பிரிட்டனுக்கு இப்படிச் சும்மா கிடைத்தது.

பிடித்த ஜெர்மன் விமானங்களைக் கொண்டு பிரிட்டிஷ் விமானப்படை 1941 நவம்பரில் ஒரு தனிப் பிரிவே வைத்தது: 1426-ஆம் பிரிவு. சர்க்கஸ் கம்பெனி போலத் தளம் தளமாகப் போய், சொந்த விமானிகளுக்கும் பீரங்கிக்காரர்களுக்கும் எதிரியைக் காட்டுவது அதன் வேலை. வயிற்றுப்பக்கம் மஞ்சள் பூசி, பிரிட்டிஷ் வட்டச் சின்னம் போட்டு, கூடவே துணை விமானத்தோடுதான் பறக்கும். இல்லாவிட்டால் சொந்தத் தரைப்படையே சுட்டு வீழ்த்திவிடும். ஜெர்மனியும் ரோசாரியஸ் என்பவர் பெயரில் இதே மாதிரி ஒரு ‘சர்க்கஸ்’ வைத்திருந்தது.

நம் பக்கத்தில் இந்த வேலையைச் செய்த கூட்டுக் குழு 1943-இல் கல்கத்தாவில் தொடங்கியது. பிரிட்டிஷ்காரரும் அமெரிக்கரும் சேர்ந்த, தென்கிழக்காசியாவுக்கான விமானத் தொழில்நுட்ப உளவுக் குழு. பர்மாக் காட்டில் விழுந்த விமானத்தின் எஞ்சின் எண், உலோகத் தகடு, டயர் என்று ஒவ்வொன்றையும் பார்த்து, எந்தத் தொழிற்சாலை, எந்த மாதம் என்று கணிப்பார்கள். போர் முடிந்ததும் குழு சிங்கப்பூருக்குப் போயிற்று.

இந்த இடத்தில் தென்காசிக்கு ஒரு தடவை திரும்பி வர வேண்டியிருக்கிறது. தென்காசி, கடையநல்லூர் நெசவாளர் குடும்பங்கள் தறி படுத்துப்போன காலத்தில் சிங்கப்பூருக்குப் போயின. மற்ற ஊர்க்காரர்களில் பெரும்பாலோர் ஆண்கள் மட்டும் போய்ப் பணம் அனுப்பினார்கள். இவர்கள் பெண்டு பிள்ளைகளோடு போய்த் தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். 1941-இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் தோன்றியது. அடுத்த பிப்ரவரி 15-இல் ஊரே ஜப்பான் கைக்குப் போயிற்று. பேச்சு வழக்கில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று இன்றும் அக்குடும்பங்களில் சொல்லும் மூன்றரை வருடங்கள் அவை. விடுதலைக்குப் பின் 1946-இல் அவர்கள் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள். அதே 1946-இன் முதல் மாதங்களில், நீரிணைக்கு அப்பால் ஜோகூரின் தெப்ராவ் தளத்தில், ஜீரோக்கள் பிரிட்டிஷ் வட்டச் சின்னத்தோடு பறந்தன. ஓட்டியவர்கள் யார்? தோற்றுப்போன ஜப்பானியக் கடற்படை விமானிகளே. பிரிட்டிஷ் அதிகாரிகள் கீழே நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விமானம் எதிரியுடையது, ஓட்டுபவனும் எதிரி, சின்னம் மட்டும் சொந்தம். பிடிபட்ட விமானங்களின் வரலாற்றில் இதைவிட விசித்திரமான காட்சி கிடையாது. குழு 1946 மே மாதம் சிங்கப்பூர் செலேத்தாரில் கலைந்தது.

இதற்குள் கேமரா பக்கம் என்ன நடந்துகொண்டிருந்தது? பிடிபட்ட விமானமே நடிகனாக மாறிய கதை ஜப்பானில் நடந்தது. 1944 மார்ச்சில் டோஹோ கம்பெனி ‘கட்டோவின் ஹயபூசா படை’யை வெளியிட்டது. மலாயா, பர்மா வானங்களில் பெயர் பெற்ற கட்டோ ததேயோவின் கதை. அவர் 1942 மே 22 அன்று வங்காள விரிகுடாவின் மேல், பிரிட்டிஷ் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானத்தின் துப்பாக்கிக்காரர் சுட்டு விழுந்தவர். இயக்கம் யமமோட்டோ கஜிரோ. தந்திரக் காட்சிகள் சுபுராயா எய்ஜி, பத்து வருடம் கழித்து ‘காட்சில்லா’வை நடமாடவிட்டவர். படத்தில் எதிரியாக வரும் பி-40, பஃபலோ விமானங்கள் பொம்மை அல்ல. தென்கிழக்காசியப் போரில் ஜப்பானியர் பிடித்த அசல் விமானங்கள். எதிரி தன் வேடத்தைத் தானே போட்ட அபூர்வம் இது. பிடித்த விமானம் ஓடும் நிலையில் இருக்க வேண்டும், ராணுவம் அதைச் சினிமாவுக்குக் கொடுக்க மனம் வைக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து அமைவது அரிது.

ஹாலிவுட்டுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஜீரோ வேண்டுமானால் அவர்கள் கையிலிருந்த பயிற்சி விமானத்துக்குச் சிவப்பு வட்டம் போட்டார்கள். இந்தியாவில் ஹார்வர்டு என்று பெயர் பெற்ற டெக்சன் அது. தாழ்ந்த ஒற்றை இறக்கை, உருண்டை மூக்கு, உள்ளே மடங்கும் சக்கரம், நாற்பத்திரண்டு அடி இறக்கை விரிவு. தூரத்தில் பார்த்தால் போதும். ‘காட் இஸ் மை கோ-பைலட்’ (1945) போன்ற படங்களில் வந்த ஜீரோக்கள் இவையே. தன் பிள்ளைகளுக்குப் பறக்கச் சொல்லிக்கொடுத்த வாத்தியாரே மாலையில் வில்லன் வேடம் போட்டது போன்ற காரியம். இந்திய விமானப்படையிலும் ஒரு தலைமுறை விமானிகள் ஹார்வர்டில் படித்தவர்கள்தான்.

தமிழ் சினிமாவின் பங்கு வேறு மாதிரி. கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் அரசு படத்தின் நீளத்தை 11,000 அடிக்குக் குறைத்திருந்த காலம். போர் முயற்சிக்கு ஆதரவாகப் படம் எடுக்க வேண்டும் என்ற நெருக்குதலும் இருந்தது. அதன் விளைவாக 1945-இல் ‘மானசம்ரட்சணம்’, ‘கண்ணம்மா என் காதலி’, ‘பர்மா ராணி’ எல்லாம் வந்தன. கடைசிப் படம் சேலம் மாடர்ன் தியேட்டர்ஸுடையது. ஜப்பான் பிடித்துவைத்திருந்த பர்மாவில் மாட்டிக்கொண்ட இந்திய விமானப்படையினரின் கதை, ராணியாகக் கே. எல். வி. வசந்தா, விமானியாக ஹொன்னப்ப பாகவதர். ஜப்பானிய வில்லனாக யார்? முதலாளியும் இயக்குநருமான டி. ஆர். சுந்தரமே. விமானத்துக்கு டூப் தேடி மற்ற நாட்டுக்காரர்கள் அலைந்தபோது, இங்கே முதலாளியே எதிரிக்கு அரிதாரம் பூசிக்கொண்டார். அந்தப் படம் வெளிவந்த ஆண்டிலேயே ஜப்பான் சரணடைந்துவிட்டது.

போருக்குப் பின் ஜப்பானிய விமானங்கள் பெரும்பாலும் உடைத்து உருக்கப்பட்டன. ஆகவே ‘டோரா! டோரா! டோரா!’ (1970) எடுத்தவர்களுக்கு முப்பது வருடம் முந்திய முத்துத் துறைமுகத் தாக்குதலைக் காட்ட விமானமே இல்லை. மறுபடி ஹார்வர்டுகளையே பிடித்தார்கள். இந்தத் தடவை வெறும் பெயின்டோடு நிறுத்தவில்லை. நீண்ட கண்ணாடிக் கூண்டைக் குறுக்கி, இறக்கை நுனிகளையும் வாலையும் ஃபைபர் கிளாஸில் வளைத்து ஜீரோ ஆக்கினார்கள். சிலவற்றின் உடலை வெட்டி நீட்டி, டார்ப்பிடோ போடும் விமானம் ஆக்கினார்கள். வல்டி என்ற இன்னொரு பயிற்சி விமானம் செங்குத்தாகப் பாய்ந்து குண்டு போடும் விமானத்துக்கு வேடம் கட்டியது. இவை பின்னர் அமெரிக்க விமானக் கண்காட்சிகளில் வருடா வருடம் அதே தாக்குதலை நடித்துக் காட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று ஜீரோ என்று பொதுஜனம் நினைவில் வைத்திருக்கும் உருவத்தில் பாதி ஹார்வர்டு. கயத்தாற்றுச் சிலையின் கதைதான்.

வேடங்களிலேயே வேடிக்கையானது ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ (1969). ஜெர்மன் மெசர்ஷ்மிட்களும் ஹெயின்கல்களும் ஸ்பெயின் விமானப்படையிடம் இருந்தன. போருக்குப் பின் ஸ்பெயின் அவற்றைத் தன் நாட்டிலேயே கட்டியது. ஆனால் ஜெர்மன் எஞ்சின் கிடைக்காததால் பிரிட்டிஷ் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினைப் பொருத்தியிருந்தார்கள். ஸ்பிட்ஃபயருக்குள் இருப்பதும் அதே மெர்லின். ஆக, திரையில் துரத்துகிறவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒரே இதயம். உற்றுப் பார்த்தால் அந்த மெசர்ஷ்மிட்களின் மோவாய் கொஞ்சம் தொங்கியிருக்கும். மெர்லினின் அடையாளம் அது.

ஜெட் காலத்தில் டூப்புகளுக்கு வெட்கமே போய்விட்டது. ‘டாப் கன்’ (1986) படத்தில் எதிரியாக வரும் ‘மிக்-28’ என்று ஒரு விமானம் உலகத்திலேயே கிடையாது. அமெரிக்காவின் எஃப்-5 விமானத்துக்குக் கறுப்பு அடித்துப் பெயர் சூட்டினார்கள். அதே வருடம் வந்த ‘அயர்ன் ஈகிள்’ படத்தில் இஸ்ரேலின் கஃபிர் மிக்-23 ஆனது. அசல் மிக் அமெரிக்கா கையில் இல்லாமலில்லை. 1966 ஆகஸ்ட் 16 அன்று முனீர் ரெத்ஃபா என்ற ஈராக்கிய விமானி தம் மிக்-21-ஐ இஸ்ரேலுக்கு ஓட்டி வந்தார். இஸ்ரேல் அதற்கு 007 என்று எண் எழுதி, பின்னர் அமெரிக்காவுக்கு இரவல் கொடுத்தது. ஆராய்ச்சி ரகசியமாக நடந்ததால் சினிமாக்காரருக்கு அது எட்டவில்லை. மேற்கத்தியப் படங்களில் வில்லனாக உருவகித்த இந்த மிக்-21 நமக்கோ சொந்தப் பிள்ளை. 1963-இல் இந்திய விமானப்படையில் சேர்ந்து, 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் ஓய்வு பெற்றது. எதிரி விமானம் என்பது விமானத்தில் இல்லை, பார்க்கிற இடத்தில் இருக்கிறது.

இந்தியாவின் விமானமும் பிடிபட்டிருக்கிறது. 1965 செப்டம்பர் 3 அன்று ஸ்குவாட்ரன் லீடர் பிரிஜ்பால் சிங் சிக்கந்த் ஓட்டிய நாட் விமானம் பாகிஸ்தானின் பஸ்ரூர் ஓடுதளத்தில் இறங்கியது. வழி தவறி, எரிபொருள் தீர்ந்து இறங்கினார் என்பது இந்தியத் தரப்பு. தங்கள் விமானத்தைக் கண்டு சரணடைந்தார் என்பது பாகிஸ்தான் தரப்பு. பாகிஸ்தானின் சபர் விமானங்களுக்குச் சிம்மசொப்பனமாக இருந்த அந்தச் சின்ன நாட், பாகிஸ்தான் விமானிகள் ஓட்டிப் பார்த்த பின் கராச்சி விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

சினிமாவும் அசலும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்ட இடம் ஒன்று உண்டு. அதிலும் தமிழர்களே இருக்கிறார்கள். ‘ரோஜா’ எடுத்த மணிரத்னம் 2017-இல் ‘காற்று வெளியிடை’ எடுத்தார். கார்கில் போரில் விமானம் வீழ்ந்து பாகிஸ்தான் சிறையில் அடைபடும் இந்திய விமானியின் கதை. விமானப்படை விவரங்களுக்கு ஆலோசனை சொன்னவர் ஓய்வு பெற்ற ஏர் மார்ஷல் சிம்மக்குட்டி வர்த்தமான். இரண்டு வருடம் கழித்து, 2019 பிப்ரவரி 27 அன்று, அவர் மகன் அபிநந்தன் ஓட்டிய மிக்-21 எல்லைக்கு அப்பால் விழுந்தது. மார்ச் 1-ஆம் தேதி இரவு அவர் வாகா வழியாகத் திரும்பி வந்தார். விமானத்தின் சிதைவு அங்கேயே தங்கிவிட்டது. அதே கராச்சி அருங்காட்சியகத்தில் வால் பகுதியை வைத்து, பக்கத்தில் மீசையோடு அவரைப் போல ஒரு பொம்மையையும் நிறுத்தினார்கள். அசல் விமானமும் டூப் மனிதனும் ஒரே கூரையின் கீழ்.

இந்தப் பாதையைச் சுற்றிப் பார்க்க விரும்புகிறவர்கள் ஜூலை கடைசியில் வரலாம். சூரியகாந்தி பூத்திருக்கும், குற்றாலத்தில் சாரலும் இருக்கும். காலையில் சுந்தரபாண்டியபுரம், பத்து மணிக்குள் சித்திர சபை, அருவிக் குளியல், பிற்பகலில் கயத்தாறு என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் போதும். குற்றாலத்தில் கூட்டம் கூடுவதற்கு முன்பே சபைக்குப் போய்விடுவது நல்லது. கயத்தாற்றில் ஓடுதளத்துக்குள் நுழையுமுன் ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். குடைக்கு அங்கே வேலையில்லை, காற்று பிடுங்கிவிடும். தொப்பியும் தண்ணீரும் எடுத்துப் போங்கள்.